ரோதமுனியும் கொம்பனும்: சப்பிரகமுவத் தோட்டங்களின் மாய உயிரிகள் பற்றிய ஒரு நோக்கு

1. பிரச்சினை

மலையகத் தமிழரின் நாட்டார் வழக்காறுகள் பற்றி இதுவரை எழுந்துள்ள எழுத்துக்களிலே பாடல்களுக்குக் கிடைத்த கவனம், அம்மக்களின் நம்பிக்கையுலகில் நடமாடும் மாய உயிரிகளுக்குக் கிடைக்கவில்லை. தாலாட்டும் ஒப்பாரியும் கொழுந்தாயும் பெண்களின் பாட்டும் தொகுக்கப்பெற்றன. சி. வி. வேலுப்பிள்ளை (1914 - 1984) போன்றோர் அப்பணியைப் பொறுப்புணர்வோடு ஆற்றினர். ஆயின் முனி, காட்டேரி, கொள்ளிவாய்ப் பிசாசு, ரோதமுனி, கவ்வாத்துச்சாமி, கூத்தில் வரும் கொம்பன் என்னும் பன்றி ஆகியன பெரும்பாலும் இலக்கிய ஆய்வின் எல்லைக்குப் புறத்தேயே நிறுத்தப்பட்டன. பாட்டு உழைப்போடு தொடர்புடையது, பேய் அறியாமையோடு தொடர்புடையது என்றதொரு பாகுபாடு நம்மிடையே எழுதப்படாத விதியாக நிலவிவந்துள்ளது எனலாம்.

இவ்வுயிரிகளை நோக்குவதில் இருவகைப் போக்குகள் உள்ளன. ஒன்று, சீர்திருத்தவாதிகளின் போக்கு. இவற்றை மூடநம்பிக்கையெனப் பெயரிட்டு ஒதுக்கிவிடுவதோடு அது நின்றுவிடுகிறது. மற்றையது அண்மைக் காலத்தில் வலுப்பெற்றுவருவது. இவற்றை 'மண்ணின் மரபு' என்றும் 'தொன்மையின் எச்சம்' என்றும் போற்றி, வரலாற்றுக்கு அப்பால் வைத்து வணங்குவது. முதலாவது போக்கு மக்களைப் பழிக்கிறது; இரண்டாவது அவர்களைக் காட்சிப்பொருளாக்குகிறது. இவ்விரண்டுக்கும் பொதுவானதொரு குறைபாடு உண்டு. மாய உயிரிகளை அவை பிறந்த உற்பத்தி உறவுகளினின்று பிரித்தே இரண்டும் நோக்குகின்றன.

மனிதன் கற்பிக்கும் உயிரிகளுக்கு உடல் இல்லை. ஆயின் வரலாறு உண்டு. எந்த உழைப்பு, எந்த ஆபத்து, எந்த அதிகாரம் அவற்றுக்கு உருக்கொடுத்தது என்பதை ஆராய்வது நாட்டார் இலக்கியத் திறனாய்வின் கடமையாகும். சப்பிரகமுவ மாகாணத்தின் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களைக் களமாகக் கொண்டு இக்கருத்தை இக்கட்டுரையில் விளக்க முனைகிறோம். தமிழ்நாட்டில் நா. வானமாமலை (1917 - 1980) கதைப்பாடல்களின் வீரர்களைச் சமூக முரண்பாடுகளின் பின்னணியில் வைத்து ஆராய்ந்து வழிகாட்டினார். வீரர்களுக்குப் பயன்பட்ட அம்முறை, வீரர்களை எதிர்த்து நிற்கும் விலங்குகளுக்கும் பேய்களுக்கும் பயன்படாதிருக்கக் காரணம் இல்லை.

2. களம்

சப்பிரகமுவவைத் தெரிவு செய்ததற்குக் காரணம் உண்டு. மலையகம் என்றவுடன் நுவரெலியாவும் அட்டனும் நம் நினைவுக்கு வருகின்றன. அங்கே மலைக்குப் பின் மலையாகத் தேயிலை விரிந்து கிடக்கிறது. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் நிலை வேறானது. தெரணியகலை, எட்டியாந்தோட்டை, தெகியோவிற்ற ஆகிய பகுதிகளில் தேயிலையோடு இறப்பரும் கலந்து நிற்கிறது. இறக்குவானை, பலாங்கொடைப் பக்கங்களில் தேயிலை மேலோங்குகிறது. இரத்தினபுரியைச் சூழ்ந்து இரத்தினக்கற் குழிகள் உள்ளன. தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கு இடையிடையே சிதறிக் கிடக்கின்றன. தோட்டத்துத் தமிழர் இங்கே சிறுபான்மையினர். கிராமத்தாரோடு சந்தையிலும் பாதையிலும் தொழிலிலும் அன்றாடம் கலப்பவர்கள். ஆகவே அவர்தம் மாய உலகமும் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்டவாறே தூய்மையாக இருக்க முடியாது.

சிவனொளிபாதமலையின் காவலராகவும் வெள்ளை யானையை வாகனமாகக் கொண்டவராகவும் போற்றப்படும் சமன் தெய்வத்தின் பெருங்கோயில் இரத்தினபுரியிலேயே உள்ளது. சிங்களக் கிராமிய மரபிலே மகாசோனா என்னும் சுடுகாட்டுப் பேய் கரடித் தலையோடு உலவுகிறது. கொத்தயிம்பரன் என்னும் வீரனோடு பொருது தலையிழந்தவனுக்கு அவசரத்திற் கரடித் தலை பொருத்தப்பட்டது என்பது கதை. ரீரி யக்கா என்னும் இரத்தப் பேயும் அம்மரபிலுண்டு. தமிழரின் இரத்தக் காட்டேரிக்கு அது தூரத்து உறவினன் போலத் தோன்றும். இவ்வுயிரிகள் இனத்தின் வேலிகளை மதிப்பதில்லை. மாலை மங்கிய பின் ஒற்றையடிப் பாதையில் நடக்கும் தமிழ்த் தொழிலாளிக்கும் சிங்கள விவசாயிக்கும் அச்சம் ஒன்றே. அச்சத்துக்கு அவர்கள் இட்ட பெயர்களே வேறு.

3. ரோதையின் பசி

மலையகத் தோட்டங்களில் வழங்கும் தெய்வப் பெயர்களைப் பட்டியலிடின் அவை இரு கூறாகப் பிரிவதைக் காணலாம். மதுரைவீரன், மாடசாமி, முனியாண்டி, கறுப்பண்ணசாமி ஆகியோர் தமிழகத்திலிருந்து தொழிலாளரோடு கடல் கடந்து வந்தவர்கள். ரோதமுனியும் கவ்வாத்துச்சாமியும் அப்படியன்று. அவர்கள் தோட்டத்திலேயே பிறந்தவர்கள்.

ரோதை என்பது தேயிலைத் தொழிற்சாலையின் இயந்திரச் சக்கரம். சக்கரத்தைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல் சிங்களத்திற் புகுந்து, அங்கிருந்து தோட்டத் தமிழரின் நாவில் ரோதையாயிற்று. அச்சக்கரத்தில் உறைவதாகக் கருதப்படும் முனியே ரோதமுனி. பழைய தொழிற்சாலையின் அமைப்பை நினைவுகூர்ந்தால் இம்முனியின் தோற்றுவாய் விளங்கும். நீர்விசையாலோ எஞ்சினாலோ சுழலும் ஒரே மூலச் சக்கரத்திலிருந்து நீண்ட இரும்புத் தண்டும் தோற்பட்டிகளும் விசையைப் பெற்று, கொழுந்தை அரைக்கும் இயந்திரங்களுக்கும் சலிக்கும் இயந்திரங்களுக்கும் கொண்டு சென்றன. பட்டிகள் திறந்தவெளியில் ஓடின. வேட்டித் தலைப்போ கையோ அகப்பட்டால் மீள்வது அரிது. கொழுந்து வாடிப் பதமான வேளையே அரைக்கும் வேளையாதலின் இரவு வேலையும் உண்டு. உறக்கம் கலந்த கண்களுக்கு முன்னே ஓயாது சுழலும் அச்சக்கரம் தொழிலாளியின் விருப்பத்துக்குக் கட்டுப்படாதது. தொழிலாளியே அதன் வேகத்துக்குக் கட்டுப்பட வேண்டியவன்.

இந்நிலையிலே ரோதமுனிக்குத் தேங்காய் உடைத்துக் கற்பூரம் காட்டிக் கோழி பலியிடுவதன் பொருள் என்ன? சக்கரத்துக்கு இரத்தம் வேண்டும் என்பது அவ்வழிபாட்டின் உள்ளுறை. தொழிலாளியின் இரத்தத்துக்குப் பதிலாகக் கோழியின் இரத்தத்தை அது ஏற்றுக்கொள்ளட்டும் என்பது வேண்டுதல். இது விபத்துப் பற்றிய ஒரு கணக்கு. மூலதனம் ஏற்கவேண்டிய பாதுகாப்புச் செலவைத் தொழிலாளி தன் பேர்க்காசிலிருந்து கோழியாகச் செலுத்துகிறான்.

மார்க்ஸ் தமது 'மூலதனம்' முதற் பாகத்திலே (1867) மூலதனத்தை உயிருள்ள உழைப்பின் குருதியை உறிஞ்சி வாழும் காட்டேரியாக உருவகித்தார். இயந்திரத் தொகுதியைத் தொழிற்சாலை முழுவதையும் நிறைக்கும் பூதமாகவும் வருணித்தார். இலண்டன் நூலகத்தில் எழுதப்பட்ட உருவகத்துக்கும் இறக்குவானை மலையில் ஏற்றப்பட்ட கற்பூரத்துக்கும் உள்ள ஒற்றுமை வியப்பளிப்பது. ஆயினும் ஒற்றுமையைக் கண்டு மயங்கி வேற்றுமையை மறத்தலாகாது. மார்க்ஸுக்குப் பூதம் உருவகம். சக்கரத்தின் ஆற்றல், உறைந்துபோன மனித உழைப்பின் ஆற்றலே என்பதை அவர் அறிவார். தொழிலாளிக்கு அது நம்பிக்கை. தன் வர்க்கத்தின் உழைப்பே சக்கரமாகித் தன்னை ஆள்கிறது என்பதை அவன் காணவில்லை. சக்கரத்துக்கே உயிருண்டு என்று கருதுகிறான். பண்டத்துக்கு மனித ஆற்றலை ஏற்றிக் காணும் மாயவழிபாடு என்று மார்க்ஸ் சுட்டியது இதனையே. ஆனால் இம்மாயை வெறும் பொய்யுமன்று. சக்கரம் தனக்கு அந்நியமானது, பகையானது, பசியுள்ளது என்னும் உண்மையை அத்தொழிலாளி உணர்ந்துள்ளான். உண்மையின் பாதி அவன் கையில் உள்ளது. மறுபாதியைத் தரவேண்டியது அரசியலும் அறிவியலும் ஆகும்.

1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் வந்தபின்னரும் ரோதமுனி ஏன் மறையவில்லை என்று வினவலாம். சட்டம் ஆங்கிலத்தில் இருந்தது. அதனை அடையும் வழி தோட்டக் காரியாலயத்தின் ஊடாகச் சென்றது. முனியை அடைவதற்கு எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை. மேலும் நட்டஈடு கை போனபின் வருவது; முனி கை போகாமற் காப்பதாக வாக்களிப்பவர். உரிமை எட்டாத இடத்திலே நம்பிக்கை இடம்பிடிக்கிறது.

கவ்வாத்துச்சாமியின் நிலையும் இதனையொத்ததே. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தேயிலைச் செடியை வெட்டித் தாழ்த்தும் கவ்வாத்து வேலை ஆண்களுக்குரிய கடின வேலை. கூரிய கத்தியை வேகமாக வீச வேண்டும். சரிவிலே கால் ஊன்ற வேண்டும். வேலை தொடங்கும் நாளில் மலையடியில் ஒரு கல்லை நட்டுக் கத்திகளை அதன் முன் வைத்துச் சாமி கும்பிடுவது வழக்கமாயிற்று. இந்தத் தெய்வத்துக்குப் புராணம் இல்லை, தாய் தந்தையர் இல்லை, திருக்கலியாணம் இல்லை. உள்ளதெல்லாம் ஒரு தொழிலும் அத்தொழிலின் ஆபத்துமே.

இறப்பர்த் தோட்டத்தின் அச்சங்களுக்கும் இவ்வாறே அடிப்படை உண்டு. பால் வெட்டும் வேலை பொழுது விடியுமுன் தொடங்குகிறது. வெயில் ஏறுவதற்கு முன்னரே மரத்திற் பால் நன்கு ஊறும் என்பதே காரணம். ஒருவருக்கு 250 முதல் 300 வரையான மரங்கள். மரத்துக்கு மரம், சரிவுக்குச் சரிவு, இருளில் தனியே நடக்க வேண்டும். கொழுந்து பறித்தல் கூட்டமாகச் செய்யும் வேலை. பால் வெட்டுதல் தனிமையின் வேலை. பாதையோரத்து முனியும் தொலைவில் மின்னி மறையும் கொள்ளிவாய்ப் பிசாசும் தனிமையிலும் இருளிலும் வேலை வாங்கும் உற்பத்தி முறையின் நிழல்கள் என்றே கொள்ளல் வேண்டும்.

4. பங்கும் கூலியும்: ஓர் ஒப்பீடு

மேற்கூறிய கருத்து வலுவுடையதா என்பதைச் சோதிக்கச் சப்பிரகமுவவே வாய்ப்பளிக்கிறது. தோட்டத்துக்கு அருகிலேயே இரத்தினக்கற் குழி உள்ளது. சிங்கள மரபில் நிலத்தடிப் புதையலுக்கும் இரத்தினக் கற்களுக்கும் காவலனாகப் பகிரவா என்னும் உயிரி கருதப்படுகிறது. பைரவன் என்னும் பெயரின் திரிபே அது. குழி தோண்டுவோர் பகிரவாவுக்கும் சமன் தெய்வத்துக்கும் பூசை செய்து வேலை தொடங்குவர்.

பகிரவாவையும் ரோதமுனியையும் ஒப்பிடுங்கால் ஒரு முக்கிய வேறுபாடு புலனாகின்றது. பகிரவா கொடுக்கவும் மறைக்கவும் வல்லவன். அவன் மனம் வைத்தால் ஒரே நாளிற் செல்வம் கிட்டும். ரோதமுனி எவரையும் செல்வராக்குவதில்லை. அவர் செய்யக்கூடியதெல்லாம் உயிரையும் உறுப்பையும் காப்பதே. இவ்வேறுபாடு இன வேறுபாட்டாலோ சமய வேறுபாட்டாலோ விளைந்ததன்று. இரத்தினக்கற் குழியில் நில உடைமையாளர், முதலிட்டோர், தோண்டுவோர் ஆகியோர் கிடைத்த கல்லின் விலையைப் பங்கிட்டுக் கொள்வது மரபு. தோண்டுபவனுக்கும் ஒரு பங்கு உண்டாகையால் அவனுடைய மாய உயிரி அதிர்ஷ்டத்தின் அதிபதியாகிறது. தோட்டத் தொழிலாளிக்கோ பேர் உண்டு, பங்கு இல்லை. எவ்வளவு தேயிலை விளைந்தாலும் கொழும்பு ஏலத்தில் விலை எவ்வளவு ஏறினாலும் அந்நாட்கூலி அந்நாட்கூலியே. பங்கற்றவனின் தெய்வத்துக்குக் கொடுப்பதற்கு எதுவும் இல்லை. எனவே அது காக்கின்றது.

உலக அனுபவமும் இதற்கு ஒளியூட்டும். பொலிவிய வெள்ளீயச் சுரங்கங்களிலே தொழிலாளர் 'தீயோ' என்னும் கொம்புடைய உருவுக்கு மதுவும் புகையிலையும் கொக்கா இலையும் படைத்தனர். ஜூன் நாஷ் 1979இலும் மைக்கேல் தௌசிக் 1980இலும் வெளியிட்ட நூல்கள் இதனை விரிவாக ஆராய்ந்தன. கொலம்பியாவின் கரும்புத் தோட்டங்களில் கூடுதலாக வெட்டிக் கூடுதலாகச் சம்பாதிக்கும் பொருட்டுச் சிலர் சாத்தானோடு ஒப்பந்தம் செய்வதாகவும், அவ்வாறு பெற்ற பணம் பலன் தராதெனவும் நிலவிய நம்பிக்கையைத் தௌசிக் எடுத்துக்காட்டினார். நிலத்தை இழந்து கூலிக்கு வந்த உழவன், பணம் பணத்தை ஈனும் புதிய முறைமையைக் கண்டு திகைத்த திகைப்பே சாத்தானாயிற்று என்பது அவர் வாதம். வெட்டிய அளவுக்கு ஊதியம் என்ற இடத்தில் ஒப்பந்தப் பேய் தோன்றுகிறது. பங்கு உள்ள இடத்தில் புதையற் பூதம் தோன்றுகிறது. நாட்கூலி உள்ள இடத்தில் காவல் முனி தோன்றுகிறது. இதனை இறுகிய விதியாகக் கொள்ளாது ஆய்வுக்குரிய கருதுகோளாகக் கொள்வோமாயின் பயன் பெரிது.

தௌசிக்கின் நோக்கில் நாம் ஏற்கத் தயங்கும் பகுதியும் உண்டு. முதலாளித்துவத்துக்கு முற்பட்ட உழவர் சமூகத்தை அவர் ஒத்திசைவு மிக்கதாகக் காண்கிறார். தமிழகக் கிராமத்திலிருந்து சாதியாலும் பஞ்சத்தாலும் துரத்தப்பட்டு வந்த பள்ளர், பறையர், சக்கிலியர் ஆகியோருக்கு அத்தகைய பொற்காலம் ஒன்று பின்னால் இருக்கவில்லை. அவர்களுடைய முனி இழந்த சொர்க்கத்தின் நினைவன்று. ஒரு நரகத்திலிருந்து இன்னொன்றுக்கு வந்தவரின் வழித்துணை அது.

5. கொம்பன் யார் பக்கம்?

இனி, நம்பிக்கையிலிருந்து கலைக்கு வருவோம். தோட்டங்களிற் காமன் கூத்து, அர்ச்சுனன் தபசு ஆகியவற்றோடு பொன்னர் சங்கர் கூத்தும் விடிய விடிய ஆடப்பட்டது. கொங்கு நாட்டில் வேரூன்றிய இக்கதையைப் பிரெண்டா பெக் 1965இல் ஒலிப்பதிவு செய்து 1982இல் ஆய்வு நூலாக வெளியிட்டார். நில உடைமையாளரான அண்ணன்மார், அவர்தம் தங்கை, பகைவரான வேட்டுவர் ஆகியோரைச் சுற்றி அமைந்த இக்கதையில் கொம்பன் என்னும் பெரும்பன்றி வருகிறது. வேட்டுவர் பக்கம் நின்று வேளாண் நிலத்தைக் குலைக்கும் மாய விலங்கு அது. பொன்னாச்சி என்னும் சிறு நாயின் துணையோடு சங்கர் அதனைக் கொல்கிறான்.

கதையின் வர்க்கச் சார்பு வெளிப்படை. காடழித்துக் கழனியாக்கும் வேளாளரின் விரிவாக்கத்தை எதிர்க்கும் காட்டு மக்களின் சினம் ஒரு விலங்காக உருவெடுத்துள்ளது. கழனியின் பார்வையில் அது அரக்கத்தனம். காட்டின் பார்வையைக் கதை சொல்வதில்லை. அவ்வாறாயின் நிலமே இல்லாத தோட்டத் தொழிலாளர் நில உடைமையாளரின் வீரக் கதையை ஏன் விரும்பி ஆடினர்? சாதிப் படிநிலையின் செல்வாக்கு என்பது ஒரு விடை. தோட்டத்திலும் பெரிய கங்காணி பெரும்பாலும் உயர்ந்த சாதியினனாகவே இருந்தான். கூத்தின் செலவிலும் சபையின் முதல் வரிசையிலும் அவன் கை மேலோங்கியிருந்தது. இந்த விடை சரியாயினும் முழுமையானதன்று. லயத்தின் பின்புறத்து ஒரு துண்டு நிலத்திலே மரக்கறியும் மரவள்ளியும் நட்டவனுக்குக் காட்டுப்பன்றி கதையன்று. கூலி போதாத வீட்டில் அத்துண்டு நிலமே அரை வயிற்றை நிரப்புவது. ஒரே இரவிற் பன்றி அதனைக் கிளறிவிட்டுப் போகும். ஆகவே மேடையிற் கொம்பன் விழும்போது எழும் ஆரவாரத்திலே இரு குரல்கள் கலந்துள்ளன எனக் கொள்ளலாம். ஒன்று உடைமையாளரின் வெற்றிக்குக் கிடைக்கும் பழகிய கைதட்டல். மற்றையது தன் மரவள்ளியைக் காக்க விரும்பும் ஏழையின் மகிழ்ச்சி. நாட்டார் கலையின் முரண்பட்ட உள்ளடக்கம் என்று நாம் கூறுவது இதுவே.

6. முனியின் இருமுகம்

அந்தோனியோ கிராம்சி நாட்டார் வழக்காற்றைச் சிதறுண்ட, உள்முரண்கொண்ட உலகநோக்காகக் கண்டார். ஆளுவோர் விட்டுச்சென்ற கருத்துக்களும் ஆளப்படுவோரின் எதிர்ப்புணர்வும் அதில் ஒருங்கே படிந்துள்ளன. முனிக்கும் இது பொருந்தும்.

முனி நிற்கும் இடத்தைக் கவனிப்போம். தமிழகக் கிராமத்தில் காவல் தெய்வம் ஊரெல்லையில் நிற்கிறது. அவ்வெல்லையை ஊரார் அறிவர். நூற்றாண்டுகளின் வழக்கு அது. தோட்டத்தில் எல்லை கம்பனியின் நில அளவையாளன் கிழித்தது. அக்கோட்டிலேயே முனியும் நிற்க நேர்ந்தது. தோட்டத்தை விட்டு வெளியேறுவதற்குத் துண்டு முறை தடையாயிருந்த காலத்திலே, எல்லைக்கு அப்பாலுள்ள இருளில் பேய்கள் உலவுகின்றன என்னும் நம்பிக்கை எவருக்குப் பயன்பட்டிருக்கும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. துண்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. அச்சம் சட்டத்தால் ஒழியவில்லை. திருவிழாவுக்குத் துரை பணம் கொடுப்பதும் விடுமுறை கொடுப்பதும் வெறும் பெருந்தன்மையன்று. வணங்கிவிட்டு வேலைக்குத் திரும்பும் தொழிலாளி வணங்காது கூடிப் பேசும் தொழிலாளியை விடத் துரைக்கு உகந்தவன்.

மறுபுறத்தில், துரையின் அதிகாரம் நுழைய முடியாத ஓரிடமும் முனியின் அடியிலேயே இருந்தது. மந்திரம் ஓத வேற்றுச் சாதிக் குருக்கள் வேண்டியதில்லை, தொழிலாளியே பூசாரி. சாமியாடுபவனின் வாயிலிருந்து கங்காணியின் அநீதி வெளிப்பட்டால் கங்காணி அதனை மறுத்துரைப்பது எளிதன்று. பேசும் உரிமை இல்லாதவன் தெய்வத்தின் வாயாற் பேசினான். நடேசையர் 1931இல் தோட்டத் தொழிலாளர் சங்கத்தை அமைத்தபோது அக்குரலுக்குத் தெய்வத்தின் துணை இன்றியே பேசும் வழி திறந்தது.

இவ்விடத்திலே சப்பிரகமுவவின் வரலாற்றிலிருந்து ஓர் எடுத்துக்காட்டை நினைவுகூர்தல் தகும். 1934 - 35இல் மலேரியாக் கொள்ளைநோய் பரவியபோது கேகாலை மாவட்டம் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. நோய்க்குப் பேயைக் காரணமாகக் கண்டு சாந்தி செய்யும் மரபு கிராமங்களிலே ஆழப் பதிந்திருந்தது. சூரியமல் இயக்கத்து இளைஞர் அங்கே சென்று பேயை மறுத்து விரிவுரை ஆற்றிக் கொண்டிருக்கவில்லை; மருந்தும் உணவும் கொண்டு சென்றனர். 1936ஆம் ஆண்டுத் தேர்தலில் றுவான்வெல மக்கள் என். எம். பெரேராவை அரசாங்க சபைக்கு அனுப்பியதற்கு அப்பணியும் காரணமாயிற்று. மூடநம்பிக்கையை எதிர்ப்பதாயின் அதன் வேரான கையறுநிலையை எதிர்த்தல் வேண்டும் என்னும் பாடத்தை முற்போக்கு இயக்கம் சொல்லாற் கற்பதற்கு முன்னரே செயலாற் கற்றிருந்தது. பிற்காலத்து முற்போக்கு விமர்சகர் பலர் அப்பாடத்தை மறந்தமை துரதிர்ஷ்டவசமானது.

7. யதார்த்தவாதமும் மாய உயிரியும்

1950களிலும் 1960களிலும் எழுச்சிபெற்ற ஈழத்து முற்போக்கு இலக்கியம் மலையகத்தைத் தமிழிலக்கியத்தின் வரைபடத்தில் இடம்பெறச் செய்தது. அதன் சாதனை மறுக்கவியலாதது. என். எஸ். எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து', தெளிவத்தை ஜோசப்பின் 'காலங்கள் சாவதில்லை' முதலிய படைப்புக்கள் லயத்தையும் பெரட்டுக்களத்தையும் தொழிலாளரின் மான உணர்வையும் கூர்மையாகச் சித்திரித்தன. ஆயின் அவ்விலக்கியத்தை மதிப்பிட்ட விமர்சனம் யதார்த்தம் என்பதைப் புறவுலகின் யதார்த்தமாகவே பெரிதும் கொண்டது. கூலி யதார்த்தம், கூலி பெறுபவன் காணும் முனி யதார்த்தமன்று. இக்கொள்கையின் விளைவாகத் தொழிலாளியின் மனவுலகின் ஒரு பெரும் பகுதி இலக்கியத்துக்கு வெளியே நின்றது.

புதுமைப்பித்தனை நோக்கினால் இதன் வேர் இன்னும் பழையது என்பது தெரியவரும். 'காஞ்சனை'யில் நடுத்தர வர்க்க எழுத்தாளனின் வீட்டுக்குள் அமானுடத்தை நுழையவிட்டு அவனுடைய பகுத்தறிவைத் தடுமாறச் செய்தவர் அவர். 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையிலே கடவுளைச் சென்னைத் தெருவில் நடக்கவிட்டவர். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தைப் பேசும் 'துன்பக்கேணி'யில் அவர் கைக்கொண்டது நேரடியான துயரச் சித்திரிப்பு. நகரத்து மனிதனுக்கு ஐயமும் கனவும் மாயமும் உண்டு, கூலிக்குத் துன்பம் மட்டுமே உண்டு என்பது போன்ற தோற்றம் இதனால் உண்டாகிறது. உழைப்பவனைத் துன்பத்தின் பாத்திரமாக மாத்திரம் காட்டுவது அவனுடைய சிந்தனையாற்றலை மறுப்பதாகும். சக்கரத்துக்கு ஒரு முனியைக் கண்டுபிடித்தவன் சிந்தித்தவன். தவறாகச் சிந்தித்தான் என்பது வேறு விடயம்.

மாயத்தைக் கதையிற் புகுத்துவதே தீர்வு என்று நாம் கூறவரவில்லை. இலத்தீன் அமெரிக்க எழுத்தின் செல்வாக்கால் மாயம் இன்று ஒரு பாணியாகவும் ஆகிவிட்டது. பேயை அலங்காரமாக்கும் எழுத்து, பேயை இகழும் எழுத்தைவிட மேலானதன்று. வேண்டுவது யாதெனின், மாய உயிரியை அதன் உழைப்புச் சூழலோடு சேர்த்துக் காணும் விரிந்த யதார்த்தம்.

8. குடியுரிமை கேட்கும் தெய்வம்

இவ்வாராய்ச்சி வெறும் பழம்பொருள் ஆர்வமன்று என்பதை இறுதியாகச் சுட்டுதல் வேண்டும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 மக்களைக் கணக்கிட்டு, 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் ஒதுக்கி, எஞ்சிய 150,000 பேரைப் பின்னர்த் தீர்மானிக்க விட்டது. இவர்கள் இந்நாட்டில் வேரற்ற வந்தேறிகள் என்னும் கருத்தே இவற்றின் அடிப்படை. ரோதமுனி அக்கருத்துக்கு எதிரான சான்று. போர்த்துக்கேயத்திற் பிறந்து சிங்களத்தில் வளர்ந்த ஒரு சொல்லும், தமிழ் மரபின் முனியும், பிரித்தானிய மூலதனத்தின் இயந்திரமும் சேர்ந்து உருவான இத்தெய்வம் இந்தியாவிலிருந்து வந்திருக்க முடியாது. இந்த மண்ணின் உழைப்பே அதனைப் பெற்றது. ஒரு மக்கட் கூட்டம் ஒரு நாட்டிற் புதிய தெய்வத்தைப் படைக்குமாயின் அந்நாட்டை அது தன் நாடாக்கிக்கொண்டுவிட்டது என்பதே பொருள். சட்டம் அதனை ஏற்பதற்கு ஆண்டுகள் பல கழிய வேண்டியிருந்தது.

முனியால் ஆகாதவற்றையும் சொல்லாமல் விடுதல் முறையன்று. 1977இலும் 1981 ஆகஸ்டிலும் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் லயங்கள் தாக்கப்பட்டபோது எல்லையில் நின்ற காவல் தெய்வங்கள் எவரையும் தடுக்கவில்லை. 2016 மே மாதத்தில் கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவிலும் புலத்கொஹுபிட்டியவிலும் மலை சரிந்தபோது சிங்களக் கிராமத்தாரும் தோட்டத் தமிழரும் ஒருங்கே மண்ணுள் புதைந்தனர். மலைச்சாமியின் கோபம் என்று விளக்கினால், ஆபத்தான சரிவிலே நூற்றாண்டுப் பழமையான லயத்தில் மக்களைக் குடியிருத்தியோரின் பொறுப்பு மறைந்துவிடும். நிலத்துக்கும் வீட்டுக்குமான உரிமையே அங்கே காவல் தெய்வம்.

இன்று முனியின் உலகம் வேறொரு திசையிலிருந்தும் மாற்றப்பட்டு வருகிறது. மரத்தடிக் கல்லும் சூலமும் நின்ற இடங்களிலே கோபுரமும் ஆகமப் பூசையும் எழுகின்றன. முனியாண்டி முனீஸ்வரராகிறார், பலி நிற்கிறது, தொழிலாளிப் பூசாரியின் இடத்துக்கு வெளியிலிருந்து குருக்கள் வருகிறார். கல்வியும் வெளியூர் வருமானமும் பெற்ற இளந்தலைமுறை சமூக மதிப்பை நாடுவதன் விளைவு இது. அந்நாட்டம் இயல்பானதே. ஆயின் அறிவியல் வந்து முனியை நீக்கியிருப்பின் நாம் வரவேற்றிருப்போம். இங்கு நிகழ்வது ஒரு மாயைக்குப் பதிலாகச் சாதியின் முத்திரை பெற்ற இன்னொரு மாயை. உழைப்பின் நினைவைத் தாங்கிய தெய்வம் போய், உழைப்பை அறியாத தெய்வம் வருகிறது. தோட்ட முகாமைத்துவம் 1992இல் தனியார் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்ட பின்னர், இறப்பர் நின்ற சரிவுகள் சிலவற்றில் முள்ளுத்தேங்காய் நடப்பட்டது. அப்பயிருக்கென ஒரு சாமியைத் தொழிலாளர் படைக்கவில்லை. நீர் வற்றும், மண் கெடும் என்று எதிர்ப்புத் தெரிவித்தனர். ரோதமுனியின் பேரப்பிள்ளைகள் ஆபத்தைக் கண்டவிடத்துக் கற்பூரம் ஏற்றுவதற்குப் பதிலாகக் காரணத்தைப் பெயர் சொல்லிச் சுட்டக் கற்றுள்ளனர் என்பதற்கு இது நல்ல அறிகுறி.

ஆகவே நம்முன் உள்ள பணி இருவகைப்பட்டது. கூத்துக்களையும் சாமி கும்பிடும் முறைகளையும் தோட்டம் தோட்டமாக, தொழில் தொழிலாகப் பதிவு செய்தல் வேண்டும். எந்த வேலைக்கு எந்தச் சாமி, யார் பூசாரி, செலவு யாருடையது என்னும் வினாக்கள் கதையின் பாடபேதங்களுக்கு ஒப்ப முதன்மை பெறுதல் வேண்டும். சிங்களக் கிராமிய மரபை ஆராய்வோரோடு சப்பிரகமுவவிலேனும் இணைந்து இப்பணியைச் செய்தல் வேண்டும். பகிரவாவையும் முனியையும் தனித்தனியே ஆராய்பவர் இரண்டையும் பாதியாகவே அறிவர். தொழிற்சாலைகள் பல மூடப்பட்டுவிட்டன. பழைய சக்கரங்கள் துருவேறிக் கிடக்கின்றன. சக்கரம் நின்றபின் அதன் முனியை நினைவுகூரக்கூடியவர் முதியோரே. அவர்களிடம் கேட்டெழுத இன்னும் சில ஆண்டுகளே உள்ளன.